நன்றி சொல்லக்கூடாத ரோசா

நான் சிட்னியில் பஸ் ஓட்டுகிறவன். இந்த ஊரில் ஒரு பழக்கம் உண்டு. பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் ஓட்டுகிறவனுக்கு ஒரு ‘தேங்க்யூ’ சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சொல்வார்கள். தள்ளாடி ஏறிய குடிகாரர் தள்ளாடி இறங்கும்போது சொல்வார். வழியெல்லாம் போனில் யாரையோ திட்டிக்கொண்டு வந்த பெண், திட்டைக் கொஞ்சம் நிறுத்தி எனக்கு ஒரு தேங்க்யூவைத் தந்துவிட்டு, படியில் கால் வைத்தபடியே விட்ட இடத்திலிருந்து திட்டத் தொடங்குவார். பின்கதவால் இறங்குகிறவர்கள் பஸ்ஸின் நீளம் முழுக்கக் கேட்கும்படி கத்திச் சொல்வார்கள். கூலிக்கு ஓட்டுகிறவனுக்கு எதற்கு இவ்வளவு நன்றி என்று வந்த புதிதில் எனக்குக் கூச்சமாக இருந்தது.

எங்கள் வீடுகளில் இது கிடையாது. சோறு போட்டவருக்கு நன்றி சொன்னால், “என்ன, ஆரோ பிறத்தியாரோட கதைக்கிற மாதிரிக் கதைக்கிறாய்?” என்று அவருடைய முகம் வாடிப் போகும். அதனால் இந்தச் சொல்லை நான் பாடுபட்டுத்தான் பழகினேன். சொல்ல மறந்தால் மரியாதை தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களே என்ற பயம். பழகிப் பழகிக் கடைசியில் அது என் வாயிலிருந்து தானாகக் கொட்டத் தொடங்கியது. வங்கியின் காசு இயந்திரத்துக்குக்கூட ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அந்த வாயால்தான் ஒரு ரோசாவையே சாகடித்தேன் என்று எங்கள் பக்கத்து வீட்டு அன்ரி நம்பினார்.

அன்ரி என்றால் எங்கள் சொந்தக்காரி இல்லை. வடக்கு இங்கிலாந்தில் பிறந்து, சின்னப் பிள்ளையாகக் கப்பலில் வந்து இறங்கிய வெள்ளைக்காரி. டூங்கபியில் நாங்கள் வீடு வாங்கிக் குடிவந்த அன்றைக்கே என் மனைவி அவரை அன்ரி ஆக்கிவிட்டாள். அவர் பதிலுக்கு என்னை ‘லவ்’ ஆக்கினார். “வாட்டர் மீட்டர் அந்தப் பக்கம் இருக்கு, லவ்” என்று வேலிக்கு மேலால் முதல் தடவை சொன்னபோது மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அடுத்த நிமிடமே அவளையும் லவ் என்றார், தபால்காரரையும் லவ் என்றார். அதோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் நினைத்துப் பார்க்கும்போது என் காதில் எங்கள் ஊர்த் தமிழாகத்தான் விழுகிறது. விழுகிற மாதிரியே எழுதுகிறேன்.

எனக்கு ஒரு பைத்தியம் இருக்கிறது. மனிதர்கள் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று காலங்காலமாகச் சொல்லிவருகிற சங்கதிகளைக் கேட்பது. போரில் இடம்பெயர்ந்து ஓடியதில் என் படிப்பு பாதியில் நின்றுவிட்டது. பிறகு படித்ததெல்லாம் காதால் படித்ததுதான். பஸ்ஸில் முன்சீட்டில் ஏறுகிற கிழவர்களிடம் வாயைக் கொடுத்து வாங்கியதுதான். இப்படிப்பட்டவனுக்குப் பக்கத்து வீட்டில் அன்ரி வாய்த்தது பெரிய அதிர்ஷ்டம். அவரிடம் இல்லாத விதியே இல்லை.

மக்பை என்று இங்கே ஒரு கறுப்பு வெள்ளைப் பறவை. தனியாக ஒன்றைக் கண்டால் அதற்கு வணக்கம் சொல்லி, பெண்சாதி சுகமாக இருக்கிறாளா என்று விசாரிக்க வேண்டும். இல்லாவிட்டால் துக்கம் வரும். இங்கிலாந்தில் அந்தப் பெயரில் இருக்கிற பறவை வேறு, இது வேறு என்று அவருக்கும் தெரியும். இங்கே இருப்பது வசந்த காலத்தில் நடுமண்டையில் கொத்துகிற ஜாதி. “விசாரிச்சு வைக்கிறதில என்ன குறைஞ்சு போகுது, லவ்?” என்பார்.

ஒருநாள் என் புதுச் சப்பாத்துப் பெட்டியை வெளிமேசையில் வைத்துவிட்டேன். வேலிக்கு அப்பாலிருந்து அவர் போட்ட சத்தத்தில் நான் பாம்பு என்று நினைத்துக் கதிரையில் ஏறிவிட்டேன். புதுச் சப்பாத்தை மேசையில் வைத்தால் வீட்டில் சாவு விழுமாம்.

என் மனைவியும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. மகளுக்கு நாவூறு கழிக்க வேண்டும் என்று செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி, குசினி அடுப்பில் போட்டாள். புகை மணி அலறி, தெரு முழுக்க எட்டிப் பார்த்தது. அதற்குப் பிறகு நாவூறெல்லாம் பின்வளவில், இறைச்சி வாட்டுகிற பார்பிக்யூவில்தான். அன்ரி தும்மிக்கொண்டே வேலியால் தலையை நீட்டினார்.

“என்ன சமைக்கிறாய், லவ்? கண்ணெல்லாம் எரியுது.”

“சமைக்கேல்லை அன்ரி. கெட்ட கண்ணை எரிக்கிறன்.”

அன்ரி ஒரு சொட்டும் சிரிக்கவில்லை. “உப்போ? நாங்கள் இடது தோளுக்கு மேலால பின்னுக்கு எறிவம். அங்கதான் பிசாசு நிக்கும். கண்ணுக்குள்ள போய் விழோணும்” என்றார். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரு கட்சி.

இன்னொன்றும் நடந்தது. அன்ரி எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு, “சரி, நான் போறன்” என்று எழும்புவார். மனைவிக்கு அது பொறுக்கவில்லை. போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனால் திரும்பி வராமல் போய்விடுவார்கள் என்று அவளுக்குப் பயம். அன்ரியைப் பிடித்து இருத்தி, போய்விட்டு வருகிறேன் என்பதை எங்கள் பாணியில் ‘போட்டு வாறன்’ என்று சொல்லப் பழக்கினாள். அந்த ‘ற’ அவருடைய வாயில் ஒருநாளும் சரியாக ஏறவில்லை. ஆனாலும் சொல்லாமல் வாசற்படி தாண்ட மாட்டார். நாங்கள் பதிலுக்கு “போட்டு வாங்கோ” என்று சொல்லும்வரை நின்று காத்திருக்கவும் பழகிவிட்டார்.

இனி ரோசாவுக்கு வருகிறேன்.

அன்ரி வீட்டு முன்வளவில், கார் விடுகிற கொங்கிறீட்டுப் பாதையை ஒட்டி ஒரு ரோசா நின்றது. அவரும் புருசனும் அந்த வீட்டுக்குக் குடிவந்த வருசம் புருசன் நட்டது. அடிமரம் என் கைமுட்டி மொத்தம் இருக்கும். பூ மங்கிய மஞ்சளில் உள்ளுக்குள் கொஞ்சம் சிவப்புப் பட்டது போல. கிட்டப் போய் முகர்ந்தால் தேயிலைப் பெட்டியைத் திறந்த மணம். அதன் பெயர் என்னவென்று அன்ரிக்குத் தெரியாது. நட்டவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

நாங்கள் வருவதற்கு முன்பே புருசன் போய்விட்டார். அன்ரி பிறந்த ஊரில், வீட்டில் சாவு விழுந்தால் கூட்டில் இருக்கிற தேனீக்களுக்குப் போய்ச் சொல்ல வேண்டுமாம். சொல்லாவிட்டால் கோபித்துக்கொண்டு பறந்துவிடுமாம். இவர்களிடம் தேனீ இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்ரி காரை விட்டு இறங்கி நேரே ரோசாவிடம் போய், “அவர் போட்டார்” என்று சொன்னாராம். “ஆருக்காவது முதல்ல சொல்லத்தானே வேணும், லவ்.”

பிறகு அவருடைய முழங்கால் இரண்டும் கைவிட்டன. குயின்ஸ்லாந்திலிருக்கிற மகன் வந்து பேசி, வீட்டை விற்பது என்றும் அன்ரி முதியோர் இல்லத்தில் ஒரு அறைக்குப் போவது என்றும் முடிவானது. எங்கள் தெருவில் வீடு விற்பது என்றால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். வாங்குகிறவன் வீட்டை இடித்து, வேலிமுதல் வேலிவரை வழித்து, சுவரோடு சுவர் ஒட்டிய ஒட்டு வீடுகளாகக் கட்டி அடுக்குவான். ரோசாவைக் கிளப்பி நடலாமா என்று ஒரு தோட்டக்காரரைக் கூட்டிவந்து காட்டினார்கள். வேர் கொங்கிறீட்டுக்கு அடியில் ஓடிவிட்டது, இந்த வயதில் கிளப்பினால் செத்துவிடும் என்று அவர் கையை விரித்துவிட்டார்.

அன்ரி அழவில்லை. வாக்கரைத் தள்ளிக்கொண்டு வேலிக்கு வந்தார். கையில் ஈரத் துணியில் சுற்றிய ரோசாத் தடிகள்.

“வீட்டை அவங்கள் என்னவும் செய்யட்டும். எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. இது மட்டும் எங்கேயாவது நிக்கோணும். உன்ர வளவில நட்டுவிடு” என்று நீட்டினார்.

நான் இரண்டு கையாலும் வாங்கினேன். அவ்வளவு பெரிய நம்பிக்கையை ஒருவர் நம் கையில் தரும்போது நெஞ்சு நிறையும்தானே. நெஞ்சு நிறைந்தால் வாய் என்ன செய்யும்?

“தேங்க்யூ அன்ரி. தேங்க்யூ வெரி மச்” என்றேன்.

அன்ரியின் முகத்தில் இரத்தமே இல்லை. “ஐயோ லவ்! என்ன வேலை பார்த்தாய்!”

நான் எதையோ கீழே போட்டுவிட்டேன் என்று நிலத்தைப் பார்த்தேன்.

“செடி குடுத்தால் நன்றி சொல்லக்கூடாது! சொன்னால் வேர் பிடிக்காது. உனக்கு ஆரும் சொல்லித் தரேல்லையோ?”

எனக்கு ஆர் சொல்லித் தருவார்கள்? இந்த நாட்டில் எல்லாரும் எனக்குச் சொல்லித் தந்தது மறுபக்கத்தை அல்லவா? தவறிச் சொல்லிவிட்டேன், அந்த நன்றியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன்.

“அதெல்லாம் திருப்பி எடுக்கேலாது” என்றார் அன்ரி.

மனைவி உள்ளே வந்து என்னைப் பிடித்தாள். “ஒருநாளும் எனக்கு ஒரு தேங்க்யூ சொன்னதில்லை. சொல்லக்கூடாத இடத்தில போய் வெரி மச்சாம்!”

நட்டோம். அன்ரி சொன்னபடி வெட்டுவாயைத் தேனில் தோய்த்து, சாடியில் ஊன்றி, சோடாப் போத்தலின் அடியை வெட்டிக் கவிழ்த்து மூடினோம். அது தை மாதம், இந்த நாட்டில் கோடை. தார் ரோட்டு உருகுகிற வெயில். தடிகள் நுனியிலிருந்து கறுத்துக்கொண்டு வந்தன. அன்ரி ஒவ்வொரு நாளும் வேலியால் எட்டிப் பார்ப்பார். ஒன்றும் கேட்க மாட்டார். முகத்தைப் பார்த்தே நான் உள்ளே போய்விடுவேன். எல்லாத் தடியும் கறுத்தபிறகு அவர் எட்டிப் பார்ப்பதையும் விட்டுவிட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மெல்பேர்னில், கிளேட்டன் யூனியில் படிக்கிற மகளுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். “அப்பா, சீரியஸ்லி? வெயில்ல வச்சால் ஆர் வச்சாலும் சாகும். வின்டர்ல ட்ரை பண்ணுங்கோ” என்றாள். அவள் சொல்வது சரி என்று மூளைக்குத் தெரிந்தது. ஆனால் அன்ரியின் முகத்துக்கு முன்னால் மூளைக்கு என்ன வேலை?

இலையுதிர் காலத்தில் வீடு ஏலத்துக்கு வந்தது. தெருவே கூடி நின்று பார்த்தது. நேரில் வராமல் போனிலேயே விலை கேட்டு வாங்கிய யாரோ ஒருவனுக்காக, சூட் போட்ட ஒருவர் நின்று தலையாட்டினார். குளிர்காலம் முடியுமுன் வீட்டைக் கையளிக்க வேண்டும். அன்ரியின் மகன், பின்னால் சாமான் ஏற்றுகிற ஒரு பழைய யூட் வண்டியோடு வந்து சாமான்களைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினான்.

அந்த நாட்களில் ஒரு காலை அன்ரி வேலிக்கு வந்தார். எங்களைப் பார்க்காமல் எங்கள் எலுமிச்சை மரத்தைப் பார்த்தபடி பேசினார்.

“வியாழக்கிழமை காலமை நான் பின்அறையிலதான் இருப்பன். திரையெல்லாம் இழுத்துவிட்டு டிவியைச் சத்தமாப் போடப்போறன். கொப்பு வெட்டுற கத்தரிக்கோலைச் சில நேரம் தபால் பெட்டிக்கு மேல மறந்து வச்சிடுறன். வயசாச்சு, பார்.”

சொல்லிவிட்டு வாக்கரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மனைவிக்கு விளங்கிவிட்டது. கண் பளபளத்தது.

“இஞ்சருங்கோ, எங்களைக் களவெடுக்கச் சொல்லுறா.”

“என்ன?”

“எங்கட ஆக்கள் மணி பிளான்ட்டுக்குச் சொல்லுறதுதானே! வாங்கி வச்சால் வராது, களவெடுத்து வச்சால் கொழுத்து வளருமெண்டு. இவையிலயும் அப்பிடி இருக்குப் போல. தந்தால் நீங்கள் நன்றியைச் சொல்லிக் கெடுக்கிறியள். அதுதான் தராமல் எடுக்கச் சொல்லுறா.”

“அப்ப அவவைக் கேட்டு எடுப்பம்.”

“கேட்டு எடுத்தால் அது களவோ?”

சிரிக்கிற விஷயம்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த நாட்டில் என் முதல் முகவரி வில்லாவுட் தடுப்பு முகாம். சட்டத்தை மீறி வந்தவன் என்ற பெயரைக் கழற்றி வைக்க எனக்கு நெடுங்காலம் எடுத்தது. வெளியே விட்ட நாளிலிருந்து நான் ஆளில்லாத ரோட்டில்கூடக் கடவை விளக்கின் சிவப்பு மனிதன் பச்சையாகும்வரை நின்றுதான் கடந்திருக்கிறேன். அடுத்தவர் வேலியில் தொங்குகிற பழத்தைத் தொட்டதில்லை. என்னைப் பார்த்து ஒருவர் கள்ளன் என்று சொல்ல ஒரு சாட்டுக் கொடுக்கக்கூடாது என்று உடம்பே பழகிப்போயிருந்தது. அந்த உடம்பை இழுத்துக்கொண்டு போய்ப் பட்டப்பகலில் களவெடு என்றால்?

“நான் மாட்டன். நீரும் போகக்கூடாது” என்றேன்.

மனைவி விடவில்லை. “அவவுக்கு வீட்டைக் கொண்டுபோகேலாது. மனுசனைக் கொண்டுவரேலாது. இது ஒண்டுதான். இதுக்கும் நீங்கள் பயந்தால் அவ ஆரிட்டக் கேக்கிறது?” என்றாள்.

வியாழக்கிழமை என்னை மத்தியான வேலைக்குத்தான் போட்டிருந்தார்கள். காலையில் அன்ரி வீட்டின் திரைகள் எல்லாம் இழுத்து மூடியிருந்தன. உள்ளே டிவியில் ஏதோ சமையல் நிகழ்ச்சி தெருவுக்கே கேட்டது. மகனின் யூட்டைக் காணோம். தபால் பெட்டிக்கு மேல் கத்தரிக்கோல் இருந்தது. மறந்து வைத்தவர் எண்ணெய் போட்டுத் துடைத்தும் வைத்திருந்தார்.

நான் என்ன உடுத்துப் போனேன் தெரியுமா? பஸ் கொம்பனியின் யூனிஃபோர்ம். ஆராவது கண்டால் மரியாதையான ஆள் என்று நினைக்கட்டும் என்று. மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். “களவெடுக்கப் போறவன் பெயர் குத்தின சட்டையோடயா போறது!”

அவள் குனிந்து வெட்டினாள். பென்சில் மொத்தத்தில், கணுவுக்குக் கீழே. நான் பிளாஸ்டிக் பையைப் பிடித்துக்கொண்டு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒரு மக்பை தனியாகக் கம்பியில் இருந்தது. எனக்கிருந்த பதற்றத்தில் அதன் பெண்சாதியை விசாரிக்க மறந்துவிட்டேன். அந்த நேரம்தான் யூட் வந்து பாதையில் திரும்பியது.

மகன் கதவைத் திறந்து குதித்தான். ஆறடிக்கு மேல் வளர்ந்த ஆள். “ஓய்! என்ன செய்யிறியள் அதில? அது என்ர அப்பாவின்ர ரோசா!”

அவனுடைய அம்மாதான் எடுக்கச் சொன்னார் என்று நான் சொன்னால் முடிந்தது. ஒரே வசனம். ஆனால் சொன்ன மாத்திரத்தில் அது களவு இல்லை, தந்ததாகிவிடும். பிறகு அதுவும் கறுத்துவிடும். அதை நான் நம்பினேனா என்று கேட்காதீர்கள். திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நம்பினார். டிவியின் சத்தம் சட்டென்று நின்றது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் வெளியே வர முடியாது. வந்து பார்த்துவிட்டால் அவர் கண்டும் விட்டது ஆகிவிடும், களவாகாது.

என் மனைவி நிமிர்ந்தாள். அவள் ஆங்கிலம் அதிகம் பேசமாட்டாள். பேசினால் சுற்றி வளைக்கவும் மாட்டாள். கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடி அவனை நேரே பார்த்து, “ஸ்டீலிங்” என்றாள்.

“என்ன?”

“வீ ஆர் ஸ்டீலிங்.”

அவன் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தான். என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்தான். பிறகு காலை வேளையில் இழுத்து மூடியிருந்த திரைகளைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த கோபம் மெல்ல இறங்கியது. அந்தப் பெண்ணின் வயிற்றில் பிறந்து அந்த வீட்டில் வளர்ந்தவன் அல்லவா? மேசையில் சப்பாத்து வைத்து எத்தனை தரம் அடி வாங்கியிருப்பான்!

“முதல் தந்ததுக்கு ஆர் நன்றி சொன்னது?” என்று மெதுவாகக் கேட்டான்.

மனைவி கத்தரிக்கோலால் என்னைக் காட்டினாள்.

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினான். “நான் இன்னும் வந்து சேரேல்லை, மேட். கடைக்குப் போட்டன்” என்றான். பிறகு வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தி, ரேடியோவைப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தான். வண்டியை எடுக்கவில்லை. கண்ணாடியில் அவனுடைய கண் தெரிந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

நாங்கள் எங்கள் வாசலுக்குள் நுழைந்தபோது மறுபடி டிவி சத்தமாகக் கேட்டது.

அந்த மாதக் கடைசியில் அன்ரி போனார். யூட்டில் ஏற்றி இருத்தியபிறகு, கண்ணாடியை இறக்கச் சொல்லி, என் மனைவியைப் பார்த்து, “போட்டு வாறன்” என்றார். அவருடைய மகனுக்கு விளங்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் “போட்டு வாங்கோ” என்று சொல்லும்வரை அன்ரி வண்டியை எடுக்க விடவில்லை. ரோசாவைப் பற்றி அவர் ஒன்றுமே கேட்கவில்லை. களவுபோன பொருளைப் பற்றிக் கள்ளனிடம் விசாரிக்கிறது எப்படி? ஆனால் அவருடைய கண் எங்கள் வளவுப் பக்கம் ஒருதரம் போய் வந்தது.

வீடு இடிக்க மெஷின் வந்த காலை நான் பஸ்ஸில் இருந்தேன். மனைவி பிறகு சொன்னாள். மெஷின் முதல் கையை முன்வளவில்தான் வைத்ததாம். இவள் முன்பக்கம் வைத்திருந்த சாடிகளை எல்லாம் தூக்கிக்கொண்டு பின்வளவுக்கு ஓடி, தகரக் கொட்டிலுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாளாம்.

“ஏன், தூசி படும் எண்டோ?” என்று கேட்டேன்.

“தாயை இழுத்து எறியிறதைப் பிள்ளைகள் பாக்கக்கூடாது” என்றாள்.

இது எந்த ஊர் நம்பிக்கை என்று நான் கேட்கவில்லை. அவளே அன்றைக்கு உண்டாக்கியதாக இருக்கும். எல்லாம் ஒருநாள் ஆராவது உண்டாக்கியதுதானே.

தடிகளில் பல போய்விட்டன. ஒன்று மட்டும் பச்சையாகவே நின்றது. செத்ததா, இருக்கிறதா என்று நகத்தால் கீறிப் பார்க்க எனக்குக் கை துடிக்கும், மனைவி அடிப்பாள். வசந்தம் தொடங்கி மக்பைகள் தெருவில் மண்டைகளைக் கொத்தத் தொடங்கிய நாட்களில், ஒரு கணுவில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. எறும்பு என்று நினைத்தேன். எறும்பில்லை, துளிர். படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். “டோல்ட் யூ. வின்டர்” என்று பதில் வந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று வந்தது: “ஆனால் தண்ணி ஊத்தேக்க தேங்க்யூ சொல்லிப்போடாதேங்கோ.”

முதியோர் இல்லத்துக்கு நாங்கள் இடைக்கிடை போவோம். தோசை கொண்டுபோவோம். அன்ரி கால் வலியைப் பற்றிச் சொல்வார், பக்கத்து அறைக் கிழவரின் குறட்டையைப் பற்றிச் சொல்வார். ரோசாவைப் பற்றி அவரும் கேட்க மாட்டார், நாங்களும் சொல்ல மாட்டோம். எங்களுக்குச் சொல்லாமல் இருப்பது பெரும்பாடு. மனைவி இல்லத்திலிருந்து வெளியே வந்ததும், “வாய்க்குள்ள வந்து நிண்டது, விழுங்கிப்போட்டன்” என்பாள்.

அடுத்த வருசம் முதல் பூ பூத்தது. அந்த ஒற்றைப் பூவை வெட்டி, ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுபோய் அவருடைய மடியில் வைத்தோம். எடுத்து முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் இருந்தார். எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

கடைசியில் ஒரு கண்ணைத் திறந்து, “இதை எங்க அடிச்சனியள்?” என்று கேட்டார்.

“அது சொல்லேலாது அன்ரி” என்றாள் மனைவி.

“நல்ல கள்ளர்” என்றார் அன்ரி.

போன குளிர்காலம் அன்ரியின் மகன் மறுபடி வந்திருந்தான். அன்ரியை யூட்டில் ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்குத் தேத்தண்ணிக்கு வந்தான். பக்கத்தில் ஒட்டு வீடுகள் எழும்பிவிட்டன. அன்ரி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. முன்வளவில் என் இடுப்பளவுக்கு நின்ற ரோசாவைப் பார்த்தபடி குசினி மேசையில் வந்து இருந்தார். தேத்தண்ணி குடித்தார், வடை தின்றார். பிறகு, எங்களைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“இல்லத்தில என்ர அறைக்கு வெளியால ஒரு சின்ன இடம் இருக்கு. நல்ல வெயில். சும்மாதான் கிடக்கு.”

“வெட்டித் தாறன் அன்ரி” என்று நான் எழும்பினேன்.

மனைவி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது.

“எங்களுக்குப் பின்னுக்குக் கொஞ்சம் வேலை இருக்கு” என்றாள் மனைவி. “திரையை மூடுறன், வெயில் அடிக்குது. நீங்கள் ஆறுதலாப் போங்கோ.” முன்கதவுக்குப் பக்கத்தில், சப்பாத்துத் தட்டுக்கு மேல், எங்கள் கத்தரிக்கோலை மறந்து வைத்துவிட்டு வந்தாள்.

இரண்டு பேரும் குசினியில் இருந்தோம். டிவியைப் போட மறந்துவிட்டோம். அதனால் எல்லாம் கேட்டது. வாக்கரின் சில்லுகள் சரளைக் கல்லில் மெதுவாக உருண்டன. நின்றன. மகன் “கவனம் அம்மா” என்று சொல்ல, “நீ அந்தப் பக்கம் திரும்பு” என்ற அதட்டல் கேட்டது. பிறகு கத்தரிக்கோலின் சத்தம். மறுபடி. இன்னொரு தரம்.

“பிழையா வெட்டுறா எண்டு நினைக்கிறன்” என்று மனைவி கிசுகிசுத்தாள். “எட்டிப் பாக்கட்டே?”

“சும்மா இரும்.”

வண்டிக் கதவு சாத்தியது. ஆனால் வண்டி கிளம்பவில்லை. யன்னல் கண்ணாடி இறங்குகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. களவெடுத்துக்கொண்டு போகிறவர் சொல்லிவிட்டுப் போக முடியாது. சொல்லாமல் அவருக்குப் போகவும் வராது. அவர் காத்துக்கொண்டிருக்கிறார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது.

மனைவி எழும்பித் திரைக்குக் கிட்டப் போனாள். திரையைத் தொடவில்லை. அதைப் பார்த்து, வெளியே கேட்கிற அளவுக்கு மட்டும், “போட்டு வாங்கோ” என்றாள்.

அதற்குப் பிறகுதான் வண்டி கிளம்பியது.